குத்தகை விசா

அய்யனார் வீட்டில் எதை எழுதினாலும் ஆம்பளை பேரில்தான் எழுதுவார்கள். நிலம், மோட்டார் சர்வீஸ், கரும்பு ஆலைப் பதிவு, கேஸ் புத்தகம், ஏன், பசுமாட்டு இன்சூரன்ஸ்கூட அப்படித்தான். ரேஷன் கார்டில் மட்டும் அரசாங்கம் முந்திக்கொண்டு அவர் பெண்டாட்டி கொளஞ்சியம்மாளைக் குடும்பத் தலைவி என்று போட்டுவிட்டது. அதனால் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே என்று மனுசன் பொறுத்துக்கொண்டார். அதிலும் போன் நம்பர் அவருடையதுதான். பணம் ஏறியதாகச் செய்தி வந்தால் எடுத்துப் பார்த்துவிட்டு, "தலைவிக்கு சம்பளம் வந்துட்ச்சிடி" என்பார். கொளஞ்சியம்மாள் சிரிப்பாள். அந்த வீட்டில் அது ஒரு பழைய தமாஷ்.

மணலூர்பேட்டையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், பெண்ணையாற்றை ஒட்டி அந்த வீடு. கரும்பும் நெல்லுமாக ஏழு ஏக்கர். அதில் குளத்தங்கரைப் பக்கத்து இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டிருந்தார். ஒரே மகன் சிவசங்கர், கள்ளக்குறிச்சிக்குப் போகிற வழியில் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஆலையில் அக்கவுண்டண்ட். மருமகள் மணிமொழியும் அக்கவுண்டண்ட்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை.

இரண்டு பேரும் எம்.காம். ஒன்றாகப் படித்தவர்கள். வகுப்பில் அவள் முதல் மார்க், அவன் ஏழாவது. அன்றைக்கு அதில் யாருக்கும் வருத்தமில்லை. அவளுடைய நோட்டைப் பார்த்துத்தான் அவன் படித்தான், அந்த நோட்டு வழியாகத்தான் விஷயம் கல்யாணம் வரைக்கும் வந்தது. ஒரே சனம், தூரத்துச் சொந்தம் என்பதால் ஊரும் வாயை மூடிக்கொண்டது. கல்யாணமாகி ஏழு வருசம். பிள்ளை இல்லை. 'அங்க போயி பெத்துக்கலாம்' என்று தள்ளிப் போட்டதில் மூன்று வருசம் ஓடிவிட்டது.

அந்த 'அங்க' என்பது ஆஸ்திரேலியா. பக்கத்துத் தெரு இளவரசன் போன இடம். மூன்று வருசத்துக்கு முன்னால் தை மாதம் ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்டாட்டி பிள்ளையோடு வந்தவன், அய்யனாரிடம் தனக்கு அங்கே 'பர்மனென்ட்' ஆகிவிட்டது என்று சொன்னான். அய்யனாருக்கு இங்கிலீசில் தெரிந்த வார்த்தைகளிலேயே ரொம்பப் பிடித்தது அதுதான். ஆலையில் மகன் இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. ஒரு வாரத்தில் முடிவெடுத்துவிட்டார், மகன் ஆஸ்திரேலியா போகிறான் என்று.

மணிமொழிக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. ஆடிட்டர் ஆபீசில் அவள் செய்யாத வேலை ஒன்றுதான், கையெழுத்துப் போடுவது. மற்றதெல்லாம் அவள்தான். ஆடிட்டர் பதினோரு மணிக்கு வந்து, அவள் மடித்து வைத்திருக்கும் பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்து மூடிவிட்டுப் போவார். தன் வேலைக்குக் கீழே தன் பெயர் இருக்கிற ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. அது பெரிய ஆசை என்று அவள் நினைக்கவில்லை.

சென்னையில் ஒரு விசா ஆலோசகரிடம் போனார்கள். புருசன் பெண்டாட்டி போனால் போதும் என்றால் அய்யனார் கேட்கவில்லை, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார். குளிர்சாதன அறையில் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். ஆலோசகர் ஜெயசுதா என்கிற நாற்பது வயதுப் பெண்மணி, நிதானமாகப் பேசுகிறவர். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார்.

அக்கவுண்டண்டுகளுக்கு இரண்டு வழிதான் உங்கள் விஷயத்தில் பொருந்தும் என்றார். ஒன்று, ஒன் எய்ட்டி நைன் என்கிற விசா. போனவுடனே நிரந்தரம், எந்த ஊரிலும் இருக்கலாம், யார் தயவும் வேண்டாம். ஆனால் அதற்குப் பாயின்ட் நிறைய வேண்டும். அக்கவுண்டண்டுகள் வரிசை கட்டி நிற்கிறார்கள், தொண்ணூற்றைந்துக்குக் கீழே இருந்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இன்னொன்று, ஃபோர் நைன்டி ஒன். ஏதாவது ஒரு மாநிலம் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் பதினைந்து பாயின்ட் சேரும். ஐந்து வருச விசா. அதில் மூன்று வருசம் பெரிய நகரத்தில் இல்லாமல் அவர்கள் சொல்கிற சின்ன ஊர்ப் பக்கம் இருந்து வேலை பார்த்தால், பிறகு அதுவும் நிரந்தரம்.

"அந்தச் சின்ன ஊரு எப்டிம்மா இருக்கும்?" என்றார் அய்யனார்.

"உங்க கள்ளக்குறிச்சி மாதிரி வச்சுக்கங்க சார். ஜனங்க இன்னும் கம்மி."

"கள்ளக்குறிச்சிய வுட்டு கள்ளக்குறிச்சிக்கு போறதுக்கு ஏரோப்ளேன் எதுக்கும்மா?"

ஜெயசுதா சிரித்துவிட்டார், மணிமொழியும் சிரித்தாள். அய்யனார் சிரிக்கவில்லை. அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒன் எய்ட்டி நைன் பட்டா, ஃபோர் நைன்டி ஒன் குத்தகை. அந்த இரண்டு வார்த்தைகளை அவர் மனசில் ஏற்றிக்கொண்ட பிறகு அங்கே யார் எவ்வளவு விளக்கினாலும் பிரயோசனமில்லை. நிலம் வைத்திருக்கிறவனுக்குக் குத்தகை என்கிற சொல் காதில் விழுந்தாலே உடம்பு கூசும்.

அடுத்து ஜெயசுதா பாயின்ட் கணக்கைப் போட்டார். வயது, இங்கிலீஷ் பரீட்சை, படிப்பு, அனுபவம், துணையின் தகுதி. மணிமொழிக்கு எண்பத்தைந்து, மாநிலம் கூப்பிட்டால் நூறு. சிவசங்கருக்கு எழுபது. அதனால் மேடம் பெயரில் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்றார்.

"அவ பேர்ல போட்டா இவன் யாரு?"

"டிபெண்டென்ட் சார். அதாவது, அவங்கள சார்ந்து போறவர்."

சிவசங்கர் மேசைமேல் இருந்த தண்ணீர் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தான். அய்யனார் துண்டை எடுத்து உதறி மறுபடி போர்த்திக்கொண்டார். "எங்க வூட்ல சார்ந்து போற ஆம்பள இல்லம்மா. அப்டி ஒரு வழக்கம் கெடையாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவல் மாதிரி சொன்னார்.

கடைசியில் ஜெயசுதாதான் நடுவழி சொன்னார். இரண்டு பேர் பெயரிலும் தனித்தனியாக விருப்ப மனு போட்டு வைக்கலாம், அதில் தடை இல்லை. சார் பெயரில் ஒன் எய்ட்டி நைன், அனுபவம் கூடக் கூடப் பாயின்ட் ஏறும்; மேடம் பெயரில் ஃபோர் நைன்டி ஒன். எது முதலில் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அய்யனார் யோசித்துவிட்டு, அவளுடையது சும்மா ஒரு ஓரமாகக் கிடக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார். அழைப்பு தன் ஆபீசுக்குத்தான் வரும் என்று சொல்லி ஜெயசுதா தொடர்பு எண் கேட்டபோது சிவசங்கர் இரண்டுக்கும் தன் நம்பரைச் சொன்னான். மேடத்துக்குத் தனி நம்பர் இல்லையா என்று ஜெயசுதா கேட்டார். "என்னுதே போதுங்க, அவ ஆபீஸ்ல போன எடுக்க மாட்டா" என்றான். மணிமொழியே அந்த நம்பரைத் தாளில் எழுதிக் கொடுத்தாள்.

அங்கேதான் அவள் கோட்டைவிட்டாள் என்று இப்போது சொல்வது சுலபம். ஆனால் அந்தப் பக்கத்தில் தாலி கட்டிய பிறகு எந்தப் பெண் எந்தத் தாளில் தன் நம்பரை எழுதியிருக்கிறாள்? ஆஸ்பத்திரிச் சீட்டு முதல் எல்.ஐ.சி. வரைக்கும் புருசன் நம்பர்தான். அதை யாரும் அடக்குமுறை என்று நினைப்பதில்லை. ஒரு சௌகரியம், அவ்வளவுதான்.

இங்கிலீஷ் பரீட்சையை அவள் ஒரே தடவையில் முடித்திருந்தாள். பஸ்ஸில் போகவர மூன்று மணி நேரம் காதில் வயரை மாட்டிக்கொண்டு கேட்டே தேறியவள். அவன் மூன்று தடவை எழுதினான், அவள்தான் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். அவன் மனுவையும் அவள்தான் நிரப்பினாள். எழுபதுக்கு ஒரு நாளும் அழைப்பு வராது என்பது அவளுக்கு அன்றைக்கே தெரியும். இன்னும் பத்து வருசம் வேலை பார்த்தாலும் அவன் தொண்ணூற்றைந்தைத் தொட முடியாது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கு வந்துவிடும், வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள்.

ஒரே ஒரு கவலைதான் இருந்தது. முப்பத்து மூன்று வயது ஆகிவிட்டால் ஐந்து பாயின்ட் குறையும். சர்டிபிகேட்டில் அவள் பிறந்தது மார்ச் பத்து. உண்மையில் அவள் ஆவணியில் பிறந்தவள். ஒரு வருசம் முன்னாடியே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று அவள் அப்பா வாத்தியாரிடம் சொல்லி நாளை முன்னுக்குத் தள்ளி எழுதச் சொல்லியிருந்தார். அந்த ஊர்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் பிறந்தநாள்.

இந்த வருசம் தை மாதம் கரும்பு வெட்டுக்குச் சர்க்கரை ஆலையிலிருந்து உத்தரவு வந்தது. பதினாறு ஆட்கள், ஒன்பது நாள். விடிய நாலு மணிக்கு எழுந்து கொளஞ்சியம்மாளும் அவளும் கேழ்வரகுக் களி கிண்டினார்கள். ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு, ஒரு நாள் மொச்சைக்கொட்டைக் குழம்பு. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவள்தான் தலையில் சுமந்து கரும்பு நிற்கிற கொல்லிக்குக் கொண்டுபோனாள். காய்ந்த கரும்பிலைச் சோகை கையைக் கிழித்தது. பனியில் நனைந்த கரும்பங்கொல்லிக்குள் வெட்டுக்கத்திச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும், ஆள் தெரியாது. லோடு ஏற்றிய டிராக்டர் சேற்றில் சிக்கி, ஒரு முழுநாள் எல்லோரும் தள்ளினார்கள்.

வெட்டு முடிந்த பிறகு ஒரு பத்து நாள் சிவசங்கர் அவளிடம் ரொம்பப் பிரியமாக இருந்தான். திருக்கோவிலூருக்குக் கூட்டிப்போய் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். கையில் சோகை கிழித்த இடத்துக்கு எண்ணெய் தடவினான். பாவம், வேலை முடிந்த நிம்மதி என்று அவள் நினைத்தாள். பழைய காலேஜ் சிவசங்கர் திரும்பி வந்துவிட்டான் என்று சந்தோசப்பட்டாள்.

மார்ச் மாதம் ஆடிட்டர் ஆபீசில் யாரும் மனுசராக இருப்பதில்லை. பத்தாம் தேதி அவளுக்குத் தாளில் முப்பத்து மூன்று ஆனது. அழைப்பு வரவில்லை. அன்றைக்குத் தியாகதுருகம் தாண்டும்போது பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு சோறு வடித்தாள்.

ஏப்ரலில் ஆபீஸ் வேலையாக வெள்ளிமலைக்குப் போனாள். கல்வராயன்மலையில் சாமை அரைத்து விற்கிற மகளிர் குழு ஒன்றின் வருசக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேறியதும் வெயில் விட்டது. முந்தின நாள் கோடை மழை பெய்து பாறையெல்லாம் கறுத்திருந்தது. வெள்ளிமலையில் இறங்கி, மாதன் என்பவருடைய ஜீப்பில் இன்னும் நாலு மைல். அரவை மிஷின் ஓடுகிற கொட்டகையில் சாமைத் தவிடு மூக்கில் ஏறியது. குழுவின் பொருளாளர் சாமியம்மாள், ஐம்பது வயது இருக்கும். பதிவேடுகளை ஒரு உரச்சாக்கில் சுற்றி வைத்திருந்தாள்.

உறுப்பினர் பட்டியலைப் பார்த்த மணிமொழிக்குக் கோபம் வந்தது. இருபது பெண்களில் பதினேழு பேருக்கு எழுதியிருந்தது புருசன் நம்பர். பேங்கிலிருந்து வருகிற செய்தி இவர்களுக்கு எப்படித் தெரியும், அவரவர் நம்பரை எழுத வேண்டும் என்று போன வருசமே சொன்னேனே என்று கடிந்துகொண்டாள்.

"ஏதோ எழுதனோம் மேடம்" என்றாள் சாமியம்மாள். "என் நம்பரு என்னுதுதான், பாத்துக்குங்க."

"அது போதும். நீங்களாவது சரியா எழுதியிருக்கீங்க."

"நம்பருதான் என்னுது. போனு அவருகிட்ட கெடக்குது."

மிஷின் ஓட்டிய பெண்கள் சிரித்தார்கள். மணிமொழியும் சிரித்தாள். மத்தியானம் அவர்கள் சாமைச் சோறும் புளிக்குழம்பும் போட்டார்கள். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு நம்பரைத் திருத்தி எழுத வைத்துவிட்டுத்தான் அவள் கிளம்பினாள்.

மாதன் ஜீப்பை ஒரு வளைவில் நிறுத்தினார். இங்கேதான் டவர் கிடைக்கும், பேச வேண்டியவர்கள் பேசிக்கொள்ளலாம் என்று பீடி பற்றவைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவள் போனை எடுத்ததும் செய்திகள் வரிசையாக விழுந்தன. ஒன்று ரம்யாவிடமிருந்து. திருநாவலூர்க்காரி, முன்பு இதே ஆபீசில் கூட வேலை பார்த்தவள், ஜெயசுதாவிடமே மனு போட்டவள். 'விசா கைக்கு வந்துடுச்சி மணி. நீ எப்போ கெளம்பற? எனக்கு முன்னாடியே உனக்கு வந்திருக்குமே' என்று எழுதியிருந்தாள்.

மணிமொழி அதை இரண்டு தடவை படித்தாள். ரம்யா அதே மாநிலத்துக்குப் போட்டவள், அவளுக்குப் பாயின்ட் தொண்ணூற்றைந்து. இவளுக்கு நூறு. வயதுக்கான பாயின்ட் குறையும் முன்பு நூறு. தொண்ணூற்றைந்தைக் கூப்பிட்டவர்கள் நூறை எப்படி விட்டார்கள்? பதினைந்து ரூபாய் இடித்தாலும் கம்ப்யூட்டரில் டேலிக் கணக்கைத் திறந்து உட்கார்ந்து ராத்திரி பதினொரு மணி வரை தேடுகிறவள் அவள். கணக்கு ஒட்டாவிட்டால் எங்கேயோ ஒரு வரவை யாரோ எழுதவில்லை என்று அர்த்தம். ரம்யாவிடம் நம்பர் வாங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயசுதாவுக்குத் தானே போன் போட்டாள்.

பெயரைச் சொன்னதும் ஜெயசுதா, மாமியாருக்கு இப்போது உடம்பு தேவலையா என்று விசாரித்தார்.

"அத்தைக்கு ஒண்ணும் இல்லியே மேடம்."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஜெயசுதா சொன்னார். ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி அவளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அன்றைக்கே சிவசங்கருக்குப் போன் பண்ணியிருக்கிறார். மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, மேடத்துக்கு இப்போது போக விருப்பம் இல்லை என்று பதில் வந்திருக்கிறது.

"எனக்கு மனசே கேக்கல மேடம். மூணு தடவ போன் பண்ணேன். உங்ககிட்ட ஒரு வார்த்த பேசணும்னு சொன்னேன். பக்கத்துலதான் இருக்காங்க, வேணாம்னு தலைய ஆட்டறாங்கன்னு சொன்னாரு."

ஜனவரி இருபத்து மூன்று என்றால் கரும்பு வெட்டின் நாலாம் நாள். அன்றைக்கு அவள் தலையில் களிச் சட்டியோடு கொல்லியில் இருந்தாள். அழைப்புக்கு ஆயுசு அறுபது நாள், மார்ச் இருபத்து நாலோடு அது செத்துவிட்டது என்று ஜெயசுதா சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் பஸ்ஸில் அழுத அன்றைக்கு அது உயிரோடு இருந்திருக்கிறது. இன்னும் பதினாலு நாள் மிச்சம் இருந்திருக்கிறது.

மாதன் வந்து, கிளம்பலாமா மேடம், கடைசி பஸ் போய்விடும் என்றார். ஏறி உட்கார்ந்தாள். மலையிறங்குகிற பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை. பரோட்டா வாங்கிக் கொடுத்ததை நினைத்துக்கொண்டு வந்தாள்.

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் மல்லாட்டைக் கொடி குவிந்திருந்தது. கொளஞ்சியம்மாள் அதன் நடுவில் உட்கார்ந்து கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அய்யனார் வேப்பமரத்தடிக் கட்டிலில். சிவசங்கர் ஆலையிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"தை மாசம் ஜெயசுதா மேடம் போன் பண்ணாங்களா?"

சிவசங்கர் அப்பாவைப் பார்த்தான். அந்த ஒரு பார்வையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

"பண்ணாங்கம்மா" என்றார் அய்யனார். அவர் எதையும் மறைக்கவில்லை, அந்த மட்டுக்கும் யோக்கியன்தான். "நான்தான் வோணாம்னு சொல்லச் சொன்னேன். கொளத்தங்கரையில சின்னதுரை நம்ம நெலத்த குத்தகைக்கு ஓட்டறானே, வூட்டுக்கு வந்தா எப்டி நிக்கறான்னு பாத்துகினுதான கீற. ஒக்காருடான்னாலும் ஒக்கார மாட்டான். என் புள்ள இன்னொருத்தன் ஊர்ல போயி அப்டி நிக்கணுமா? அதுவும் பொண்டாட்டி சீட்டுல."

"மூணு வருஷம் மாமா. மூணு வருஷம் இருந்தா அப்பால பட்டாதான்."

"சின்னதுரை இருவது வருஷமா ஓட்டறாம்மா."

அவருக்குப் பதில் சொல்லிப் பயனில்லை என்று அவள் புருசன் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

சிவசங்கர் டீ கிளாசைக் கீழே வைத்தான். பொய் சொல்ல வாயெடுத்து, முடியாமல் விட்டான். "சொல்லியிருந்தா நீ போலாம்னு சொல்லியிருப்ப" என்றான். "நீ சொல்லிட்டா என்னால வோணாம்னு சொல்ல முடியாது. அதான் சொல்லல."

அவன் பொய் சொல்லியிருந்தால் அவளுக்குச் சண்டை போடவாவது இடம் கிடைத்திருக்கும். உண்மையைச் சொல்லிவிட்டான். அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

கொளஞ்சியம்மாள் தலை நிமிராமல் காய் ஆய்ந்துகொண்டே, "வுடும்மா. அவனுக்கு வந்தவொடனே ரெண்டு பேரும் போகத்தான போறீங்க. நாங்களே ரெண்டு மாசம் பேசாம இருந்துட்டோம், இப்ப இன்னாத்துக்கு அத்த கெளறிகினு" என்றாள்.

ஆக, அத்தைக்கும் தெரியும். மூன்று பேரும் அறுபது நாள் அவள் பொங்கிய சோற்றைத் தின்றுகொண்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சும்மா இருந்திருக்கிறார்கள். மணிமொழி தோளிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"உனக்கு வராது, சிவசங்கர்."

ஏழு வருசத்தில் அந்த வாசலில் அவள் அவனை நீங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். பெயரைச் சொன்னதில்லை. கொளஞ்சியம்மாள் கை நின்றது.

"உன்னுது எழுவது. அவங்க கூப்புடறது தொண்ணூத்தஞ்சுக்கு மேல. இன்னிக்கும் வராது, இன்னும் பத்து வருஷம் கழிச்சும் வராது. மனு போட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. அப்பா முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்பதுதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது என்று நினைக்கிறேன். அவள் கேட்டதையே அவன் அவளிடம் கேட்டான். "தெரிஞ்சிகினே எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சாப்புட மாட்டன்னு."

அய்யனார் எழுந்து துண்டைத் தோளில் போட்டார். "புருசன் பேர சொல்லி கூப்புடற வூட்டுக்கு வேற இன்னா வரும்" என்று சொல்லிக்கொண்டே மோட்டாரை நிறுத்தப் போனார். அவருக்கு அந்த வீட்டில் அன்றைக்கு நடந்த தப்பு அது ஒன்றுதான். மணிமொழி அடுப்படிக்குப் போகவில்லை. கொளஞ்சியம்மாள்தான் போய் உலை வைத்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோது சிவசங்கர் போனான், நன்றாகவே சாப்பிட்டான்.

மறுநாள் காலையில் அவன் அவளை பஸ் ஸ்டாப் வரை வண்டியில் கொண்டு விடுகிறேன் என்று வந்து நின்றான். அவள் நடந்தே போனாள். வழியெல்லாம் வெட்டின கொல்லிகளில் சோகை கொளுத்திய கரி பறந்தது. வெட்டின கட்டையில் துளிர்த்த மறுதாம்புக் கரும்பு முழங்கால் உயரம் வந்திருந்தது. பஸ் வர நேரமிருந்தது. புளியமரத்தடியில் நின்று ஜெயசுதாவுக்குப் போன் போட்டாள்.

மறுபடி மனு போட முடியுமா என்று கேட்டாள். தாராளமாகப் போடலாம், ஆனால் வயதுக்கான ஐந்து போய்விட்டது, தொண்ணூற்றைந்துதான், இந்த வருசம் அதற்கு வருமா என்று சொல்ல முடியாது என்றார் ஜெயசுதா. தை வந்தால் அனுபவம் எட்டு வருசம் ஆகும், அதில் ஒரு ஐந்து கூடும், அப்போது மறுபடி நூறு என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். நம்பிக்கை வையுங்கள் என்றார். ஆனால் இந்தத் தடவை சார் முழு மனசாகச் சம்மதித்தால்தான் நல்லது, அவருடைய தாள்களும் சேர்த்துத்தானே கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மணிமொழி ரோட்டைப் பார்த்தாள். தூரத்தில் தேவரடியார்குப்பம் பக்கமிருந்து பஸ் வருகிற தூசி தெரிந்தது.

"மேடம், அவரால எனக்கு எத்தினி பாயின்ட் வந்துகினு இருக்குது?"

"பத்து மேடம். கணவரும் படிச்சவர், பரீட்சை பாஸ் பண்ணவர். அதுக்காகப் பத்து."

"அவரு இல்லாம போட்டா அந்தப் பத்து கம்மியாயிடும் இல்ல?"

அவள் எங்கே வருகிறாள் என்று ஜெயசுதாவுக்குப் புரிந்துவிட்டது.

"கம்மி ஆகாது மேடம்" என்றார். "தகுதியான கணவர் இருந்தா பத்து. கணவரே இல்லன்னாலும் அதே பத்துதான். ரெண்டும் ஒண்ணுதான் அவங்களுக்கு."

மணிமொழி அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். ஜெயசுதா திரும்பச் சொன்னார். பிறகு அவசரமாக, அதற்காகப் பொய்யாக எல்லாம் போட முடியாது மேடம், சேர்ந்து இருந்துகொண்டு தனி ஆள் என்று எழுதினால் வாழ்நாள் முழுக்கத் தடை போட்டுவிடுவார்கள், உண்மையாகவே பிரிந்திருக்க வேண்டும், கோர்ட்டில் வாங்கிய விவாகரத்துத் தாள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறுங்க என்று விசிலை வாயில் வைத்தார். மணிமொழி ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தத் தாளு வாங்க எத்தினி மாசம் ஆவும் மேடம்? தைக்குள்ள முடியுமா?"